எந்த ஊருக்கென்று தெரியாமல் கட்டிய பெட்டி

"…அதுக்கு நான் பேசாம டீச்சருக்கே படிச்சிட்டுப் போறேன். கரும்பலகைக்கு வயித்து வலி வராதுல்ல? சாக்பீசுக்கு முட்டி வீங்காதுல்ல?" என்றாள் என் தங்கை.

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லி அத்தை ஒருத்தி நீட்டிய கை, சிரிப்புக்கு நடுவிலும் மடங்காமல் அப்படியே நின்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் தங்கை அன்றைக்கு டாக்டர் இல்லை. டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவளும் இல்லை. படிக்க இடம் கிடைத்திருந்தவள், அவ்வளவுதான். மறுநாள் தஞ்சாவூரில் போய்ச் சேர வேண்டும். சேர்வதா வேண்டாமா என்பது அந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்கே தெரியாது.

எங்கள் தெரு, திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகிற பக்கம், ரோட்டை விட்டு வாய்க்கால் கரையோடு உள்ளே போனால் வரும். அப்பா பெரிய பண்ணையில் பண்ணையாளாக இருந்தவர். அப்புறம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு எங்கள் ஊர்த் தலைவரானார். நான் எட்டாம் வகுப்போடு பையைத் தூக்கி எறிந்துவிட்டு ரோட்டு முனையில் சைக்கிள் கடை போட்டவன். படிப்பகத்துப் பேப்பரிலிருந்து பஜ்ஜி மடித்த தாள் வரை எதையும் விடாமல் படிப்பேன். பஞ்சர் ஒட்டக் காத்திருக்கிறவர்கள் பேசுவதையும் விடமாட்டேன். எனக்குக் கிடைத்த படிப்பு அதுதான். படிப்பு வந்தது தங்கைக்கு. குறிப்பாகக் கணக்கு.

ஆட்சி மாறி, இனி நம் வீட்டுப் பிள்ளைகளும் டாக்டராகலாம், கலெக்டராகலாம் என்று மேடைக்கு மேடை பேசிய காலம். அதே காலத்தில்தான் வயலில் கூலித் தகராறும் முற்றியிருந்தது. குறுவை நட்டாயிற்று, களை மண்டிவிட்டது. கூலியைப் பேசி முடிக்காமல் பண்ணை வயலில் யாரும் கால் வைப்பதில்லை என்று சங்கம் முடிவு செய்திருந்தது. வெளியூர் ஆளை இறக்குவோம் என்று பண்ணை சொன்னது. மதகடியில் போலீஸ் வேன் வந்து நின்றது. ஒரு காதில் காலேஜ், இன்னொரு காதில் போலீஸ் வேன். இப்படித்தான் அந்த ஆடி மாதம் எங்கள் வீட்டுக்குள் ஓடியது.

தங்கைக்கு மெடிக்கல் சீட்டு வந்த சேதி தெருவுக்குத் தெரிந்த அன்றே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வாழ்த்துச் சொல்ல வருகிறார்கள் என்று அம்மா காப்பித் தண்ணி வைத்தாள். வந்தவர்கள் உடம்பைக் காட்டினார்கள்.

"நெஞ்சுக்குள்ள தவளை குதிக்குது பாப்பா. அதுபாட்டுக்குக் குதிக்கட்டும், ராத்திரியில மட்டும் குதிக்காம இருக்க ஏதாச்சும் சொல்லேன்."

"முட்டியில ஈரக்களிமண் ஏறி உக்காந்த மாதிரி கனக்குது. எந்திரிச்சா உக்காருங்குது, உக்காந்தா எந்திரிங்குது."

"எத்தனை நாளாங்க?" என்று தங்கை மரியாதைக்குக் கேட்டுவைப்பாள்.

"நாளா? உங்கப்பன் ஜெயிலுக்குப் போன வருசத்திலேருந்து!"

எனக்கு இந்தப் பேச்செல்லாம் சர்க்கரை. வலியை எங்கள் ஜனம் சொல்கிற மாதிரி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தங்கைக்கோ ஒவ்வொரு பேச்சும் முள்ளாகக் குத்தியது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பாள். "எவ்வளவு அடக்கமா பேசுது பாரு" என்று பாராட்டிவிட்டு மறுநாளும் வருவார்கள். வேலை இருக்கிற நாளில் வலிக்கு நேரம் ஏது? வேலைநிறுத்தம் வந்ததும் தெரு முழுவதற்கும் உடம்பு ஒன்று இருப்பது ஞாபகம் வந்துவிட்டது.

"கூலிய மட்டும் ஒத்துக்கட்டும். மறுநாளே எல்லாருக்கும் சொகமாயிரும் பாரு" என்பாள் அம்மா.

ஆனால் தங்கைக்குச் சுகமில்லை. உட்கார மாட்டாள். வாசலுக்கு வருவாள், யாராவது தெரிந்தால் கொல்லைக்குப் போவாள், கொல்லையிலிருந்து வாய்க்காலுக்குப் போவாள். மன்னார்குடியில் கணக்குப் பட்டப் படிப்புக்கும் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தகரப்பெட்டியில் துணிமணி, தட்டு, டம்ளர் எல்லாம் அடுக்கி அவளே பூட்டு மாட்டிவிட்டாள். பெட்டி கட்டியாகிவிட்டது, எந்த ஊருக்கு என்பதுதான் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து, நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"கணக்குல விடை வந்தா அடிக்கோடு போட்டுட்டு எந்திரிச்சிடலாம்ண்ணே. இவங்களுக்கு அடிக்கோடே கெடையாது போலருக்கே."

"டாக்டருக்குப் படிச்சா தெரிஞ்சிடாதா?"

"படிச்சாத் தெரியும். ஆனா முடியாது. அதைத்தான் சொல்றேன்."

அப்பாவிடம் போய்ச் சொல்லேன் என்றேன். "அவரு எங்க என்னைக் கேட்டாரு?" என்றாள். அது உண்மை. அப்பா சின்ன வயதில் காய்ச்சலோடு டவுனுக்குப் போய், டாக்டர் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்று, மருந்தைத் தூக்கிப் போட வாங்கிக்கொண்டு வந்தவர். அவருக்குத் தெருவில் ஒரு டாக்டர் வேண்டும். அந்த ஆசையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த டாக்டராக ஆகப்போகிறவள் யார் என்பதை அவர் ஏறிட்டுப் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கும் என் கடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். "ஒங்க தங்கச்சி படிச்ச படிப்பா, கணக்கா, எதுல போட்டா நல்லது, சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர் அந்தப் பிள்ளையின் அப்பாவாக இருப்பார். பிள்ளை சைக்கிள் பெடலைச் சுற்றிக்கொண்டிருக்கும். மார்க் எவ்வளவு என்று அவர் சொல்ல ஆரம்பிப்பார். மார்க்கை விடுங்கள் என்பேன். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற காலத்திலும் நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாய், பரவாயில்லையா என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்பேன். செங்கல் கனத்துக்கு இங்கிலீஷ் புஸ்தகம், பரவாயில்லையா? இதற்கெல்லாம் எல்லாப் பிள்ளையும் பரவாயில்லை என்றுதான் சொல்லும். அப்புறம் கடைசியாக, ஒரு காலைப்பொழுது ஆஸ்பத்திரி பெஞ்சில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வா என்பேன். அதற்கு ஏன் என்று கேட்பார்கள். எனக்கு அந்த ஆடி மாதம்தான் ஞாபகத்துக்கு வரும்.

தெருக்கோடி வீட்டு அண்ணன் எங்களுக்குப் பங்காளி முறை. வீட்டில் அரிசி இல்லை. கட்டுப்பாட்டை மீறி, விடிவதற்குள் போய்ப் பண்ணை வயலில் பூச்சி மருந்து அடித்துவிட்டு யாருக்கும் தெரியாமல் திரும்பிவிடலாம் என்று போயிருக்கிறார். முதுகில் கட்டிய மருந்துத் தொட்டி ஒழுகியிருக்கிறது. சட்டையெல்லாம் மருந்து. வரப்பிலேயே சுருண்டுவிட்டார்.

அவர் மேல் தெருவுக்கு ஆத்திரம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கிடக்கிறவனைக் கண்ட பிறகு யாரும் கட்டுப்பாட்டை நினைக்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி ஓடினார்கள். எங்கே ஓடினார்கள் என்பதுதான் விஷயம். வயலுக்குக் கிழக்கே ரோடு, மேற்கே எங்கள் தெரு. ரோட்டில் பஸ் வரும் நேரம். இவர்கள் கட்டிலைத் தெருவுக்குத் தூக்கி வந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள்.

"டாக்டரம்மா! பாரும்மா!"

வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, தசை தசையாகத் துடிக்கிறது. ஒருத்தர் புளித்தண்ணீரை வாயில் ஊற்றப் பார்க்கிறார். தங்கை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் இங்க தூக்கியாந்தீங்க? ரோட்டுக்குப் போங்க!"

"நீ ஒரு பார்வை பாத்துச் சொல்லிடு தாயி, போயிடறோம்."

"நான் என்னத்தைப் பாக்கறது? எனக்கு ஒண்ணும் தெரியாது! தெரியாதுன்னா தெரியாது!"

"பதறாத தாயி. நிதானமாப் பாரு."

அப்போது அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வார்த்தையே இல்லாத சத்தம். புளித்தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள். கட்டில் காலைப் பிடித்து அவளே ரோட்டுப் பக்கம் இழுக்க ஆரம்பித்தாள். அதன் பிறகுதான் ஆட்கள் தோள் கொடுத்தார்கள்.

பஸ் வந்ததும் கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார். "வண்டியில வாந்தி எடுப்பாராம்மா?"

"எடுப்பாரு. நான் கழுவித் தரேன். ஏத்துங்க."

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். இமையைப் பிரித்துப் பார்த்தார். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஊசி மேல் ஊசி போட்டார். சட்டையைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பஸ்ஸில் கூடவே வந்திருந்த அவர் பெண்சாதி எங்களுக்கு அண்ணி. அண்ணியும் தங்கையும் சேர்ந்து கழுவினார்கள். எந்த மருந்து அடித்தார், எப்போது சாப்பிட்டார் என்று கேட்டால் அண்ணி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னது. ஒரு தடவை ராத்திரிச் சோறு என்றது, ஒரு தடவை சாப்பிடவே இல்லை என்றது. பயம். புருஷன் வேலைக்குப் போனதை வாய்விட்டுச் சொன்னால் தெருவில் என்ன ஆகுமோ என்கிற பயம். டாக்டர் முகம் சிவக்கும், மறுபடி கேட்பார்.

தங்கை எழுந்து வரவே இல்லை. பொழுது சாயும் வரை ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே இருந்தாள். நடுவில் டாக்டர் டிபன் டப்பாவைத் திறந்த நேரம் பார்த்து எதிரே போய் நின்றாள்.

"மேடம், எனக்கு மெடிக்கல் சீட்டு கெடைச்சிருக்கு. சேரலாமா?"

டாக்டர் வாயில் இட்லியோடு ஏறிட்டுப் பார்த்தார். "யாரு கேட்டுட்டு வரச் சொன்னது?"

"யாரும் இல்ல. நானாத்தான்."

"படிப்பெல்லாம் வந்துரும், அதை விடு. இந்தம்மா ஒரே கேள்விக்கு நாலு பதில் சொல்லிச்சே. பாத்துட்டுத்தானே இருந்த? கோவம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எனக்கும் வந்துச்சு. கோவம் வந்தப்புறம் அஞ்சாவது தடவையும் கேப்பியா?"

தங்கை பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். டாக்டர் டப்பாவை மூடாமலே போய்விட்டார். போகிற வழியில் அண்ணியிடம் நின்று சொன்னார்: "ரெண்டு நாள்ல நல்லாயிட்ட மாதிரியேதான் இருப்பாரு. நம்பிக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. கழுத்து தொவளும், மூச்சு சிரமமாகும். நான் சொல்ற வரைக்கும் இங்கதான், என்ன?" அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

பஸ்ஸில் திரும்பும்போது தங்கை ஜன்னல் கம்பியை விடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் நேராகப் போனாள்.

"அப்பா, தெருக்கோடி அண்ணன் வீட்டோட யாரும் பொழங்கக் கூடாதுன்னு சங்கம் போட்ட கட்டுப்பாடு இருக்கா, எடுத்தாச்சா?"

"ஆளு மொதல்ல பொழைச்சு வரட்டும். கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான். அவன் ஒருத்தன் எறங்குனா நாளைக்குப் பத்துப் பேரு எறங்குவான். அப்புறம் இத்தனை நாளு பட்டினி கெடந்ததுக்கு என்ன அர்த்தம்?"

அப்பா கெட்டவர் இல்லை. அவர் சொன்னதும் பொய் இல்லை. எங்கள் வீட்டிலும் அந்த மாதம் கஞ்சிதான்.

"சரி. நான் டாக்டராயிட்டா அவரைப் பாக்கலாமா, கூடாதா? அதை யாரு சொல்றது? சங்கமா?"

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். "நீ மொதல்ல ஆவு."

"ஆவறதுக்கு முன்னாடிதாம்ப்பா கேக்கணும்."

அம்மா உள்ளே இருந்து, "ரெண்டு பேரும் வந்து கஞ்சியக் குடிங்க. சங்கம் அதுக்கு ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வாசலில் கூட்டம் குறையும் என்று நினைத்தேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரறியக் கத்தியவள் அல்லவா? கூட்டம் இரண்டு மடங்காயிற்று. "கட்டிலைத் தொட்டுத்தான் தூக்கிச்சு, உசுரு தங்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள். தங்கை பெட்டியைத் திறந்து துணியை எடுப்பாள், மறுபடி அடுக்குவாள், பூட்டுவாள். சாவியைத் தாவணி முனையில் முடிந்துகொள்வாள். சற்று நேரத்தில் மறுபடி திறப்பாள். எனக்கும் கடையில் கை ஓடவில்லை. ஒட்டிய பஞ்சரையே பிரித்து ஒட்டினேன்.

இப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தக் கடைசி நாள் காலை. அப்பா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சங்கத்து ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நோயாளிக் கூட்டம். அத்தை கையை நீட்டி, "செத்தவனைப் பொழைக்க வச்ச கை. சும்மா ஒருவாட்டி நாடியத் தொடு, போதும்" என்றாள். தங்கைக்கு எல்லாம் சேர்ந்து பொங்கியது. "நான் ஒண்ணுமே செய்யல, கத்துனேன், அவ்வளவுதான்" என்றாள். ஊசி போட்டது வேறொருத்தர், அங்கே போங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. அதற்கு நான் பேசாமல் டீச்சருக்கே படித்துவிட்டுப் போகிறேன் என்றாள். கரும்பலகையும் சாக்பீசும் வந்தது அப்போதுதான்.

எல்லோரும் சிரித்தார்கள் என்றேன். தங்கையைத் தவிர இன்னும் ஒருத்தர் சிரிக்கவில்லை. வாய்க்கால் கரையில், பூவரச மரத்தடியில், கூட்டத்தை விட்டுத் தள்ளித் தெருக்கோடி அண்ணி நின்றுகொண்டிருந்தது. கட்டுப்பாடு போட்ட வீட்டாள் தலைவர் வாசலுக்கு வரக் கூடாது. அதனால் அங்கேயே நின்றது. எவ்வளவு நேரமாக நிற்கிறதோ.

தங்கை பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

"அண்ணி! அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்காருல்ல? நீங்க இங்க ஏன் நிக்கிறீங்க?"

அண்ணி என் அப்பாவைப் பார்த்தது.

"ஒங்களத்தான் கேக்குறேன்."

"வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேம்மா. நேத்து சாயந்தரம்."

"ஏன்? அவங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல?"

"நீதான் தெருவுலயே இருக்கியே தாயி. ஆஸ்பத்திரில எதுக்குக் கெடக்கணும்னுதான்…"

தங்கை கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். நான் பயந்தேன், அன்றைக்குப் போட்ட சத்தம் மறுபடியும் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. படியை விட்டு இறங்கினாள். நீட்டியிருந்த அத்தையின் கையை ஓரமாக ஒதுக்கிவிட்டு நடந்து போய்ப் பூவரசடியில் அண்ணிக்கு நேரே நின்றாள்.

"எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு."

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"என்ன சாப்பிட்டாரு?"

"கஞ்சி குடுத்தேன். முழுங்கலை."

"அப்ப சாப்பிடல. எந்திரிச்சாரா?"

"எந்திரிச்சாரு… இல்ல, நாந்தான் தூக்கி உக்கார வச்சேன்."

"அண்ணி, இங்க பாருங்க. என்னைப் பாருங்க, எங்கப்பாவைப் பாக்காதீங்க. எப்படி இருக்காரு?"

அண்ணி இப்போதுதான் தங்கையைப் பார்த்தது. "கழுத்து நிக்கமாட்டேங்குதும்மா. பச்சைப் புள்ளை கழுத்து மாதிரி சாயுது. மூச்சு வாங்குது. பேசினா மூக்காலதான் வருது."

தங்கை திரும்பி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் தூக்கி வந்து, வாசலில் நின்ற என் சைக்கிள் கேரியரில் வைத்தாள். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினாள்.

"தஞ்சாவூர் வண்டி வர்ற நேரம். டவுன் ஆஸ்பத்திரி வழியாத்தான் போவும். யாராச்சும் ரோட்டுல போயி நிறுத்துங்க. அண்ணே, நீ கட்டிலைக் கொண்டா."

வாசலில் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, பெட்டி சாயாமல் ஒரு கையால் பிடித்தபடி ரோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்.

நான் கட்டிலோடு தெருக்கோடிக்கு ஓடியபோது அவள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தாள். தாழ்ந்த வாசலில் குனிந்து உள்ளே நுழைந்து, பாயில் கிடந்தவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் தலைக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, கழுத்து துவளாமல் ஏந்தித் தூக்கினாள்.